கைக்கடிகாரச் சங்கிலியின் கீறல்: நீக்கும் முறையும் அதன் காரணமும்

புனேயிலிருந்து லோனாவ்லா செல்லும் புறநகர் இருப்புப்பாதையில், தாபோடிக்கும் பிம்பிரிக்கும் இடையே கசார்வாடி என்னும் நிலையம் உள்ளது. மராத்தி மொழியில் ‘கசார்’ என்பது வெண்கலத்திலும் பித்தளையிலும் தொழில் புரிவோரைக் குறிக்கும் சொல். தமிழ்நாட்டில் கன்னார் எனப்படுவோருக்கு ஒப்பானது. ஊரின் பெயர் அப்பழந்தொழிலை நினைவூட்டுகிறது. இன்று அவ்வூரைச் சூழ்ந்திருப்பது பிம்பிரி-சிஞ்ச்வட் தொழில் வட்டாரம். அங்கே இயந்திரத்தோடும் இரும்போடும் நாள் முழுதும் பழகுவோரின் கைக்கடிகாரச் சங்கிலியில் கீறல் விழாதிருத்தல் அரிது. வயற்புறங்களில் சுற்றும் ஊழியர்க்கும், கரும்பலகையிலும் மேசையிலும் கை உரசும் ஆசிரியர்க்கும் இதே அனுபவம் உண்டு.

இக்கீறல்களை வீட்டிலேயே பெரும்பாலும் நீக்கிவிடலாம். ஆயினும் காரணம் அறியாது தேய்க்கத் தொடங்கினால், கீறலுடன் மேற்பூச்சும் சேர்ந்து போய்விடும். போன பூச்சு வீட்டில் மீளாது. ஆகவே செய்முறைக்கு முன் அதன் அடிப்படையை அறிதல் நலம்.

கீறல் ஏன் விழுகிறது?

பெரும்பான்மையான சங்கிலிகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. மக்கள் வழக்கில் இதுவே ‘எவர்சில்வர்’. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹாரி பிரேர்லி 1913-ஆம் ஆண்டில் குரோமியம் மிகுந்த எஃகை உருக்கி, அது எளிதில் அரிக்கப்படாமையைக் கண்டார். எஃகில் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டிற்குக் குறையாமல் குரோமியம் இருப்பின், அதன் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று தானே உண்டாகிறது. இப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் சில கூறுகளே. தேய்ப்பினால் அது நீங்கினும், தூய்மையான பரப்பின்மீது காற்றுப்பட்டவுடன் மீண்டும் தோன்றிவிடும். எனவேதான் இவ்வெஃகை அஞ்சாமல் மெருகிட முடிகிறது. நல்ல கடிகாரங்களில் பயன்படும் 316எல் வகையில் குரோமியத்துடன் நிக்கலும், 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் சேர்ந்துள்ளன. வியர்வையின் உப்பை எதிர்க்க இவை துணை செய்கின்றன.

துருவை எதிர்க்கும் இவ்வெஃகு கீறலை எதிர்ப்பதில்லை. செருமானிய கனிம இயலார் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் இதன் இடம் 5-க்கும் 6-க்கும் இடைப்பட்டது. வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸின் இடம் 7. மணலிலும் தெருப்புழுதியிலும் இருப்பது பெரும்பாலும் இக்குவார்ட்ஸே. ஆகவே மேசைமீது படிந்த தூசியில் கை உரசுவதே எஃகில் கோடு கிழிக்கப் போதுமானது.

மெருகு என்பது யாது?

கண்ணாடிபோல் பளபளக்கும் பரப்பு, தன்மீது விழும் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. மங்கிய ‘சாட்டின்’ மெருகுடைய பரப்பிலோ ஒரே திசையில் நெருக்கமாக அமைந்த நுண்கோடுகள் உள்ளன. அவை ஒளியைச் சிதறச் செய்கின்றன. இந்நுண்கோடுகளும் கீறல்களே, ஒழுங்குடன் இடப்பட்டமையால் அவை அழகாகத் தோன்றுகின்றன. அவ்வொழுங்கைக் குறுக்கே வெட்டும் கோட்டையே நாம் கீறல் என்கிறோம்.

புனே நகரின் கஸ்பா பேட்டையிலுள்ள தாம்பட் ஆளி என்னும் தெருவில், செம்புக் கலைஞர்கள் பாத்திரத்தின் மேல் சுத்தியலால் வரிசைவரிசையாகச் சிறு குழிகளைப் பதிக்கின்றனர். ஒவ்வொரு குழியும் ஒளியை ஏந்தி மின்னுகிறது. அடியினால் செம்பும் இறுகுகிறது. கருவியின் சுவடு ஒழுங்குபெற்றால் மெருகாகும் என்பதற்கு இது தக்க சான்று. சங்கிலியைச் செப்பனிடுதலும், மாறுபட்ட கோட்டைச் சுற்றியுள்ள கோடுகளின் ஒழுங்கிற்குள் கொண்டுவருதலேயாகும்.

முதலில் உலோகத்தை அறிதல்

பொன்னிறமோ கருநிறமோ உடைய சங்கிலியைத் தேய்க்கலாகாது. அந்நிறம் மேற்பூச்சு, அதன் கனம் பெரும்பாலும் சில மைக்ரான்களே, மலிவானவற்றில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிறிது தேய்த்த அளவில் அடியிலுள்ள உலோகம் வெளிப்பட்டுவிடும்.

வெண்ணிறமுள்ள எல்லாமும் எஃகு அல்ல. பழைய கடிகாரங்கள் பலவற்றில் பின்மூடி மட்டுமே எவர்சில்வர். உடற்பகுதி குரோமியம் பூசிய பித்தளை. பின்மூடியில் ‘ஸ்டெயின்லஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருப்பின், அது பின்மூடியை மட்டுமே குறிக்கும். காந்தச் சோதனையும் இங்கே உதவாது. பித்தளையைப் போலவே இவ்வகை எஃகும் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை அல்லது மிகச் சிறிதே ஈர்க்கப்படும். மேலும், காந்தத்தை அருகில் கொணர்வது கடிகாரத்தின் ஓட்டத்தைக் கெடுக்கலாம். தேய்ந்த விளிம்புகளில் மஞ்சள் நிறம் தெரிகிறதா எனப் பார்ப்பதே எளிய வழி. ஐயம் எழுந்தால் தேய்க்காமல் விடுதல் நன்று.

செய்முறை

1. சங்கிலியைக் கடிகாரத்திலிருந்து கழற்றுக. இணைக்கும் ஊசியில் சுருள்வில் இருப்பதால் அது தெறித்தோடும். அகன்ற துணியை விரித்து அதன்மேல் வைத்துச் செய்க. கழற்ற இயலாவிடின் கடிகாரத்தின் உடலையும் கண்ணாடியையும் ஒட்டுநாடாவால் முற்றிலும் மூடிவிடுக. அந்நிலையில் நீரைத் தவிர்த்து உலர்வாகவே பணி செய்க.

2. சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் சங்கிலியை ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் கணுக்களின் இடைவெளியைத் தேய்த்துக் கழுவுக. தங்கிய மணல் ஒன்றேயாயினும் தேய்க்கும்போது புதிய கீறலை உண்டாக்கும்.

3. பளபளப்பான பகுதிகளை ஒட்டுநாடாவால் மறைத்திடுக. சாட்டின் பகுதியின் கோடுகள் எத்திசையில் செல்கின்றன என்பதை விளக்கொளியில் சாய்த்துக் காண்க.

4. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பட்டையின் புதிய துண்டொன்றை எடுத்து, கோடுகளின் திசையிலேயே, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக இழுக்க. வட்டமாகத் தேய்த்தலும் முன்னும் பின்னுமாக அரைத்தலும் கூடா. சங்கிலியை நேரான மரப்பலகை மீது நீட்டி வைத்தல் கையை நிலைப்படுத்தும். சில இழுப்புகளுக்கு ஒருமுறை துடைத்துப் பார்க்க.

5. ஆழமான கீறலாயின், 600-ஆம் எண் நீர் உப்புத்தாளை நனைத்து மெல்ல இழுத்தபின் நார்ப்பட்டையால் முடிக்க. எண் கூடுந்தோறும் தாள் நுண்மையாகும்.

6. பளபளப்பான பகுதிக்கு உலோக மெருகுப் பசையை மென்துணியில் சிறிதளவே தொட்டுத் தேய்க்க.

7. இறுதியில் நன்கு கழுவி, முழுதும் உலர்த்தி, ஊசிகள் உறுதியாகப் பொருந்தினவா என இழுத்துச் சோதித்த பின்னரே அணிக. பொருந்தாத ஒரே ஊசியால் கடிகாரமே கீழே விழ நேரும்.

தவிர்க்கத்தக்கவை

சாதாரண இரும்பு நாரைப் பயன்படுத்தலாகாது. அதன் துகள்கள் எஃகின் மேல் ஒட்டிக்கொண்டு துருவேறும். சங்கிலியே துருப்பிடித்தது போல் தோன்றும். சலவைத் தூளும், கழிப்பறை துப்புரவு செய்யும் அமிலமும் அறவே ஆகா. அவற்றிலுள்ள குளோரின் சேர்மங்கள் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து நுண்குழிகளை உண்டாக்கும். சுழலும் இயந்திரச் சக்கரம் பழக்கமில்லாதவர் கையில் விளிம்புகளைச் சிதைத்துவிடும்.

எப்போது விட்டுவிடுவது?

ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் சிறிதளவு உலோகம் நீங்குகிறது. கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. ஆதலால் ஆண்டிற்கு ஒருமுறைக்கு மேல் இதனைச் செய்ய வேண்டுவதில்லை. எச்.எம்.டி. நிறுவனம் 1961-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூடிக் கைக்கடிகாரத் தொழிலைத் தொடங்கியது. அதன் கடிகாரத் துணை நிறுவனத்தை மூட 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு முடிவு செய்தது. பணி ஓய்விலோ திருமணத்திலோ தந்தையார் பெற்ற அத்தகைய கடிகாரம் இன்றும் பல வீடுகளில் உண்டு. அதன்மேலுள்ள கோடுகள் அவர் கையோடு வளர்ந்தவை. அவற்றை அழித்தபின் வருந்திப் பயனில்லை. கழுவித் துடைத்து வைப்பதே அதற்குரிய பணி.

வகுப்பறையில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியர், பழைய எவர்சில்வர் மூடி ஒன்றின் பாதியை நேர்க்கோட்டிலும் மறுபாதியை வட்டமாகவும் தேய்த்துச் சாளரத்தின் அருகே சாய்த்துக் காட்டலாம். ஒளி திருப்பம், ஒளிச் சிதறல், கடினத்தன்மை ஆகிய மூன்றும் அவ்வொரு மூடியிலேயே மாணவர்க்குப் புலனாகும். முதல் முறையாகச் சங்கிலியைச் செப்பனிட முற்படுவோரும், அம்மூடியில் கைபழகிய பின்னரே தொடங்குதல் அறிவுடைமை.