முழங்காலுக்கு மாத்திரை: வயிற்றைக் கேட்டீர்களா?

தேனி மாவட்டத்தில் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. நாற்று நடும் பெண்கள் நாள் முழுக்கச் சேற்றில் குனிந்தே நிற்கிறார்கள். இன்னொரு கூட்டம் விடியுமுன்னே ஜீப் ஏறி கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறது. ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பதால், குந்தி உட்கார்ந்துதான் பறிக்க வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் உழைக்கும் முழங்கால் தேயத்தான் செய்யும்.

மாலையில் மருந்துக்கடையில் குரல் கேட்கும்: "அண்ணே, மூட்டு வலிக்கு ஒரு செட் குடுங்க." காகிதப் பொட்டலத்தில் மூன்று, நான்கு உதிரி மாத்திரைகள் வரும். டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணி இருக்கும். சில நேரம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். பெயரும் அளவும் வாங்குபவருக்குத் தெரியாது. வலி நிவாரணியும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றுப்புண் அபாயம் பல மடங்கு கூடும்.

'சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது, ஊசியாகப் போட்டால் வயிறு தப்பிவிடும்' என்று பலரும் நம்புகிறோம். அது ஏன் சரியல்ல என்பதற்கான விடை 1971-லேயே கிடைத்துவிட்டது. ஆஸ்பிரின் வகை வலி நிவாரணிகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று பிரிட்டன் விஞ்ஞானி ஜான் வேன் அப்போது காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்றார். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுவது இந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். இரைப்பையில் சளிப்படலத்தைச் சுரக்கவைத்து, அமிலம் சுவரை அரிக்காமல் காப்பதும் அதுவே. மருந்து எந்த வழியில் உள்ளே போனாலும் ரத்தத்தில் கலந்து இரண்டு இடத்திலும் அதைத் தடுத்துவிடுகிறது.

புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதி இரண்டு வகை என்பது 1990-களின் தொடக்கத்தில் தெளிவானது. காக்ஸ்-1 பெரும்பாலும் வயிற்றைக் காக்கிறது. காக்ஸ்-2 வீக்கத்தின்போது பெருகுகிறது. இரண்டாவதை மட்டும் தடுக்கும் செலிகாக்ஸிப், ரோஃபிகாக்ஸிப் மருந்துகள் வந்தன. வயிற்றுப்புண் குறைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடியதால் 2004-இல் ரோஃபிகாக்ஸிப் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு இந்தியாவும் தடை செய்தது. 24,000-க்கும் மேற்பட்ட மூட்டுவலி நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. மிதமான அளவு செலிகாக்ஸிப், இதயத்தைப் பொறுத்தவரை ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸெனைவிட மோசமில்லை. வயிற்றுக்கு அவற்றைவிடப் பாதுகாப்பானது என்றது அது.

ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரே மாத்திரை கிடையாது. புது மருந்து எழுதும் டாக்டரிடம் இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்: முன்பு வயிற்றுப்புண் வந்ததா, ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறீர்களா, ரத்தக்கொதிப்பு, இதயம், சிறுநீரகக் கோளாறு உண்டா, வயது 65-ஐத் தாண்டிவிட்டதா. தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வெயிலில் வேலை செய்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். நீர்வற்றிய உடலில் இம்மருந்துகள் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும்.

வயிற்றுப்புண் அபாயம் உள்ளவர்களுக்கு வழியே இல்லை என்பதில்லை. முழங்காலில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவினால் ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் சிறு பங்குதான். மாத்திரை தேவைப்பட்டால் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, ஒரு நேரத்தில் ஒரே வலி நிவாரணி. துணைக்கு அமிலத்தைக் குறைக்கும் ஓமிப்ரசோல் அல்லது பேன்டோப்ரசோல் எழுதினால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். அது இரைப்பையைக் காக்கும், சிறுகுடலைக் காக்காது. புண் இருந்தவர்கள், புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

எச்சரிக்கை வலி இல்லாமலே ரத்தம் கசியலாம். மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, நிற்க முடியாமல் தலை சுற்றினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

தேய்ந்த குருத்தெலும்பை எந்த வலி மாத்திரையும் வளர்க்காது. தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி முழங்காலின் சுமையைத் தாங்கும், மாத்திரையின் தேவையையும் குறைக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது மாத்திரையோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.