கை போகிற இடத்தில் எழுதி வையுங்கள்!

சகோதரிகளே, போன மார்கழியில் ஒரு விடியற்காலை. திட்டக்குடியில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவைத் திறந்தேன். குப்பென்று கேஸ் வாடை! என் கை நேரே லைட் சுவிச்சுக்குத்தான் போயிற்று. "வேணாம்மா, லைட்டைப் போடாதே!" என்று மாமியார் பின்னாலிருந்து கத்தியதால் பிழைத்தோம். சுவிச்சில் எழும் சின்னப் பொறியே போதுமே, பற்றிக்கொள்ள! இது எனக்குத் தெரியாததா? கேஸ் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் புத்தகம் பீரோவுக்குள், பதற்றமோ சமையலறையில்!

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் இஞ்சினீயரிங் படிக்கிறான். "சித்தி, இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு" என்றான். 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்று பெயராம். நாம் பார்க்கிற காட்சியின் மேலேயே வேண்டிய தகவலைக் காட்டுவது. நமது தேஜஸ் போர் விமானத்தில் விமானிக்கு எதிரே ஒரு கண்ணாடி. வேகம், உயரம் எல்லாம் அதிலேயே தெரியும். குனிந்து பார்க்க வேண்டாம். அந்தக் கருவியை உருவாக்கியது சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம். சில ஆஸ்பத்திரிகளில், குழந்தைக்கு ஊசி போட ரத்தக்குழாய் தட்டுப்படாதபோது ஒரு விளக்கைப் பிடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்ள, குழாயின் படம் தோல்மேலேயே விழுகிறது!

"அப்படியானால் எல்லாத்தையும் காட்டிவிடலாமே?" என்றேன்.

"அதுதான் தப்பு, சித்தி. பயத்துல கண்ணு ஒண்ணு ரெண்டைத்தான் பார்க்கும். நிறையக் காட்டினா எதுவும் ஏறாது. கொஞ்சமா, பெரிசா, அந்தந்த இடத்துல காட்டணும்."

கண்ணாடியும் வேண்டாம், கருவியும் வேண்டாம், இந்த யோசனை நமக்குப் போதாதா? அன்றைக்கே செய்தேன்:

சுவிச் பக்கத்தில் சிவப்பு எழுத்தில், 'கேஸ் வாடையா? தொடாதே!' இருட்டிலும் கைக்குத் தட்டுப்பட, அதன் ஓரத்தில் ஒரு துண்டு உப்புத்தாள்.

சிலிண்டருக்கு மேலே சுவரில், 'ரெகுலேட்டரை மூடு. கதவு, ஜன்னலைத் திற.' கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் கதவைத் திறப்பது மிக முக்கியம்.

வாசற்கதவின் வெளிப்பக்கம், '1906'. கேஸ் கசிவுக்கான அவசர எண். வீட்டுக்குள் நின்று போன் பேசக்கூடாது. அதனால்தான் வெளியே எழுதினேன். கீழே ஆம்புலன்ஸுக்கு 108.

ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு சேதிதான், அலங்காரம் கிடையாது.

பிறகு மருமகளை ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னேன். கை உப்புத்தாளில் பட்டதும் நின்றுவிட்டாள்!

உங்கள் வீட்டில் பதறும்போது கை முதலில் எங்கே போகும்? யோசித்துப் பார்த்து, இன்றைக்கே அங்கே எழுதி ஒட்டுங்கள்.