வெளிவராத இயக்க முறைமையை ஓட்டிப் பார்ப்போமா?

மாத்திரை அட்டையின் பின்புறம் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணிப்பொறியின் இயக்க முறைமைக்கும் அப்படி ஒரு தேதி உண்டு என்றால் நம்புவீர்களா? விண்டோஸ் 95 இயக்க முறைமை 1995 ஆகஸ்டு 24 அன்று விற்பனைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, அமெரிக்காவில் 19.95 டாலர் கட்டியவர்களுக்கு அதன் முன்னோட்டப் பதிப்பு நெகிழ்வட்டுகளில் அனுப்பப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் மாதத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. பிறகு வேலை நடக்க வேண்டுமானால் முழுப் பதிப்பை விலைகொடுத்து வாங்க வேண்டியதுதான்.

தையற்காரர் சட்டையை முழுவதும் தைப்பதற்கு முன், ஓட்டுத் தையல் போட்டு நம் உடம்பில் வைத்துப் பார்க்கிறார் அல்லவா? அதைப் போன்ற சோதனைப் பதிப்புக்கே 'பீட்டா' என்று பெயர். குறைகள் தெரிந்ததும் பிரித்துத் தைப்பார்கள். அப்படிப் பிரித்துத் தைத்த இடங்களைப் பார்ப்பதில்தான் பழைய பீட்டாக்களின் சுவையே இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விண்டோஸ் 95-இன் திரைக்கு அடியில் 'ஸ்டார்ட்' என்ற பொத்தான் இருந்தது. தொடக்க காலச் சோதனைப் பதிப்புகளில் அது கிடையாது. அந்த இடத்தில் மூன்று தனித்தனிப் பொத்தான்கள் இருந்தன: அமைப்புக்கு ஒன்று, தேடுவதற்கு ஒன்று, உதவிக்கு ஒன்று. புதியவர்களை உட்கார வைத்துச் சோதித்தபோது, ஒரு நிரலை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அவர்கள் விழித்தார்கள். பிறகே மூன்றும் ஒன்றாகி, அதன்மேல் 'தொடங்கு' என்ற சொல்லும் ஏறியது.

சரி, இத்தகைய பழைய பதிப்பை இன்று எதில் ஓட்டுவது? அந்தக் காலத்துக் கணிப்பொறி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதன் வட்டு சுழலும் என்பதற்கு உறுதியில்லை. இங்கேதான் மெய்நிகர் கணிப்பொறி கைகொடுக்கிறது. இது ஒரு நிரலே. ஆனால் தனக்குள் ஓடும் இயக்க முறைமையிடம், "நானே முழுக் கணிப்பொறி" என்று நடிக்கிறது. உள்ளே இருக்கும் விருந்தாளி வட்டின் ஒரு பகுதியைப் படிக்கச் சொன்னால், வெளியே உள்ள நிரல் அதைத் தடுத்துப் பிடித்து, உங்கள் கணிப்பொறியிலுள்ள ஒரு கோப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. விருந்தாளிக்கு வட்டாகத் தெரிவது நமக்கு வெறும் கோப்பு! இது நேற்று முளைத்த கருத்தன்று. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே பெரிய கணிப்பொறி ஒன்றைப் பலர் ஒரே நேரத்தில் தனித்தனிக் கணிப்பொறியாகப் பயன்படுத்த இதே வழியைக் கையாண்டது.

மெய்நிகர் கணிப்பொறியை அமைக்கும்போது தாராளம் காட்டக் கூடாது. இன்றைய பழக்கத்தில் பெரிய நினைவகமும் பெரிய வட்டும் கொடுத்தால் பழைய முறைமை திணறிப்போகும். விண்டோஸ் 95 தனக்குக் குறைந்தது 4 மெகாபைட்டு நினைவகம் வேண்டும் என்று கேட்ட முறைமை. 64 கொடுத்தாலே அதற்கு விருந்துதான். வட்டு 2 கிகாபைட்டுக்குள் இருக்கட்டும். காரணம் எளிய பெருக்கல் கணக்கு. அது வட்டைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 16 இரும எண் இடங்களில் ஓர் எண் கொடுக்கிறது. ஆகவே 65,536-க்கு மேல் எண் இல்லை. ஒரு கட்டம் அதிக அளவாக 32 கிலோபைட்டு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்.

அடுத்தது காலாவதித் தேதி. முறைமைக்குத் தேதி எப்படித் தெரியும்? கணிப்பொறிப் பலகையில் ஒரு சிறு கடிகாரச் சில்லு இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. மெய்நிகர் கணிப்பொறியில் அந்தக் கடிகாரமும் நடிப்புத்தான். ஆகவே அதைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலில் எத்தனை மில்லி விநாடி பின்னால் தள்ள வேண்டும் என்று கொடுக்க வேண்டும். 30 ஆண்டுகளுக்கு அது 94,672 கோடியே 80 லட்சம்! 365.25-ஆல் பெருக்கி நீங்களே சரிபாருங்கள். முன்னால் கழித்தல் குறி இட மறந்தால் வருங்காலத்துக்குப் போய்விடுவீர்கள்.

இவ்வளவு செய்த பிறகும் விண்டோஸ் 95 பாதியில் நின்றுவிடலாம். இந்தக் கோளாறு எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் இதன் வேர் நீங்கள் வகுப்பில் படித்த ஒரு விதியில் இருக்கிறது. முறைமையின் ஒரு பகுதி, நுண்செயலியின் வேகத்தை அறிவதற்காகச் சுமார் 10 லட்சம் முறை ஒரு வெற்றுச் சுழற்சியை ஓட்டி, எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று பார்க்கிறது. பிறகு அந்த நேரத்தால் வகுக்கிறது. 66 மெகாஹெர்ட்ஸ் 486 செயலியில் இதற்கு ஏறத்தாழ 100 மில்லி விநாடி ஆகும். கணக்குச் சரியாக வரும். வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. கடிகாரம் 'பூச்சியம்' என்கிறது. பூச்சியத்தால் வகுக்க முடியுமா? முறைமை படுத்துவிடுகிறது. இதே வகைக் கோளாறு 1998-லேயே, 350 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஏஎம்டி கே6-2 செயலியில் தலைகாட்டியது. கணிப்பொறி இவ்வளவு விரைவாகும் என்று எழுதியவர் நினைக்கவில்லை. விற்பனைக்கு வந்த பதிப்புக்குத் திருத்தம் வெளியிட்டார்கள். காலாவதியான பீட்டாவுக்கு யார் திருத்தம் எழுதுவார்கள்?

மெய்நிகர் கணிப்பொறி பொதுவாக விருந்தாளியின் கட்டளைகளை நம் செயலியிலேயே நேராக ஓடவிடுவதால்தான் இந்தத் தொல்லை. இதற்கு மாற்று, போலச்செய் நிரல். பிசியெம், 86பாக்ஸ் ஆகியவை இவ்வகை. இவை பழைய செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் தாமே புரிந்துகொண்டு, அது செய்திருக்கும் வேலையைச் செய்து காட்டுகின்றன. உங்கள் கணிப்பொறிக்கு இது கடும் உழைப்பு. ஆனால் "66 மெகாஹெர்ட்ஸ் வேகத்திலேயே நட" என்று கட்டளையிட முடியும். பழைய பீட்டாக்களுக்கு இதுவே ஏற்ற வழி என்பது என் எண்ணம்.

இந்தப் பதிப்புகளை எங்கே பெறுவது என்று கேட்பீர்கள். பழைய பீட்டாக்களில் பெரும்பாலானவை சோதனையாளருக்கு ஒப்பந்தத்தின்பேரில் கொடுக்கப்பட்டவை. காலம் கடந்துவிட்டதால் அவை பொதுச் சொத்தாகிவிடவில்லை. கண்ட இடத்தில் கிடைப்பதை இறக்கினால் நச்சு நிரலும் சேர்ந்து வரலாம். ஆனால் முறையாகவே கிடைப்பது ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் 1980-களில், ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டக்கூடிய டாஸ் ஒன்றை உருவாக்கி வந்தது. அது பரவலாக வெளிவரவே இல்லை. லோட்டஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த காலத்தில் அதன் சோதனைப் பதிப்பைப் பெற்ற ரே ஓசி, வட்டுகளை எறியாமல் பத்திரமாக வைத்திருந்தார். நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு நாளடைவில் வலுவிழக்கும். படிக்க முடிந்ததே பெரிய காரியம். 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட், எம்எஸ்-டாஸ் 4.00-இன் மூல நிரலோடு இந்தப் பீட்டாவையும் எவரும் பயன்படுத்தலாம் என்று உரிமம் அளித்து வெளியிட்டது. பழைய ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணிப்பொறியிலும், நான் மேலே சொன்ன இரண்டு போலச்செய் நிரல்களிலும் ஓட்டிப் பார்த்தார்கள், ஓடியது.

நீங்கள் முயலும்போது பிணைய இணைப்பைத் துண்டித்து வையுங்கள். இந்த முறைமைகளுக்கு இன்றைய தாக்குதல்களைத் தாங்கும் தோல் கிடையாது. இந்தப் பல்பணி டாஸில் இரண்டு நிரல்களை ஒன்றாக ஓட்டியதும் இன்னொன்றையும் கவனிப்பீர்கள். அது 8086 வகைச் செயலிக்காக எழுதப்பட்டது. ஒரு நிரலின் நினைவகத்துக்கும் அடுத்த நிரலின் நினைவகத்துக்கும் இடையே அந்தச் செயலியில் வேலி கிடையாது. ஆகவே ஒன்று தவறினால் எல்லாமே கவிழக்கூடும். கவிழட்டும். வட்டாக நடிக்கும் கோப்பை முன்னதாகவே ஒரு படி எடுத்து வைத்திருந்தால், அதைத் திரும்ப வைத்து, கவிழ்வதற்கு முந்தைய நிலையிலிருந்து மறுபடியும் தொடங்கலாம்.