அரசாங்க மறைமொழியும் வெளிப்படை நெறியும்

மறைக்கவேண்டிய செய்தியை அனுப்பும் முறையையும் மறைத்தே வைத்தல் வேண்டும் எனப் பலர் எண்ணுவர். இது பிழையான கருத்து. ஒல்லாந்திற் பிறந்து பாரிசு நகரிலே மொழிப் பேராசிரியராய் விளங்கிய ஓகுஸ்ட் கேர்க்கோவ்ஸ் என்பார் 1883ஆம் ஆண்டிலேயே, படைத்துறைச் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரையில் இதனை மறுத்துரைத்தார். மறைமொழி முறைமை பகைவர் கைப்படினும் தீங்கு விளைதலாகாது. மறைக்கத்தக்கது திறவுகோல் ஒன்றே என்பது அவர் கருத்தின் சாரம். பூட்டின் அமைப்பைக் கொல்லர் யாவரும் அறிவர். அதனால் நம் வீட்டுக் கதவு திறந்துவிடுவதில்லை. திறவுகோல் களவுபோயின் வேறொன்று செய்துகொள்ளலாம். முறைமையின் இரகசியத்தையே நம்பியிருந்து அது வெளிப்பட்டுவிடினோ, நாடெங்கும் பரந்த கருவிகள் அனைத்தையும் மாற்றவேண்டி வரும்.

இவ்வுண்மையைப் பேணாத அரசுகள் எய்திய நட்டம் பெரிது. சுவிற்சலாந்தின் 'கிரிப்டோ ஏஜி' என்னும் நிறுவனம் மறைமொழிப் பொறிகளைச் செய்து நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. நடுநிலை நாட்டின் பொறி என்பதே அதற்கு வாய்த்த நற்பெயர். ஆனால், 1970இல் அமெரிக்க மத்திய உளவு நிறுவனமும் மேற்குச் சேர்மனியின் உளவுத்துறையும் அந்நிறுவனத்தை மறைவாக விலைக்கு வாங்கிவிட்டன. அதன்பின் பல நாடுகள் பெற்ற பொறிகள் வேண்டுமென்றே வலிகுன்றச் செய்யப்பட்டவை. தம் இரகசியங்களைக் காக்க விரும்பிய அரசுகள், பணமுங் கொடுத்து அவற்றைப் பிறர்பால் ஒப்புவித்தன! 1992இல் அந்நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் ஈரானிற் சிறைப்பட்டபோது ஐயம் வலுத்தது. முழு வரலாறும் 2020 பெப்ரவரியிலேதான் வெளிவந்தது.

வியப்பு யாதெனின், தன் சொந்தத் தேவைக்கு அமெரிக்க அரசு இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டமையாம். 1997இல் அது புதிய மறைமொழி நியமம் ஒன்றிற்கு உலகறியப் போட்டி அறிவித்தது. ஏற்கப்பட்ட 15 முறைகளையும் அறிஞர் பலர் பகிரங்கமாக ஆராய்ந்து குறைகாண முயன்றனர். வென்றது பெல்சிய நாட்டார் இருவர் ஆக்கிய முறை. 2001இல் அது அமெரிக்க அரசின் நியமமாயிற்று. யாவரும் சோதித்தறிந்த ஒன்றை ஆக்கியவர் அயலார் என்று அஞ்சவேண்டியதில்லை.

எனினும் மறைமொழி மாத்திரம் போதாது. செய்தியின் பொருள் விளங்காவிடினும், யார் யாருக்கு எப்பொழுது எழுதினார் என்பதை அதனைக் கொண்டுசெல்லும் நிறுவனம் அறியக்கூடும். பிரெஞ்சு அமைச்சரும் அலுவலரும் வட்சப், ரெலிகிராம் முதலிய அயல்நாட்டுச் செயலிகளிலே உரையாடி வந்தமை அவ்வரசுக்குக் கவலை தந்தது இதனாலேயே. ஆகவே அது 2014இல் வெளிவந்த 'மேற்றிக்ஸ்' என்னும் திறந்த நியமத்தின்மீது, தன் சேவையகங்களிலேயே இயங்கும் 'சாப்' என்னுஞ் செயலியை அமைத்து 2019 ஏப்ரலில் வெளியிட்டது. ஒவ்வோர் அமைச்சும் தன் சேவையகத்தை வைத்திருக்க, அவை தமக்குள் உரையாடும். ஒரு தபாற்கந்தோரில் இட்ட கடிதம் மற்றொன்றிற் சேர்வதுபோல என்க. குளோட் சாப் என்பார் 1794இல் பாரிசுக்கும் லீலுக்கும் இடையே நிறுவிய சைகைக் கோபுரங்களை நினைவூட்டுவது இப்பெயர். அக்கோபுரங்களின் அசைவை வழிப்போக்கரும் கண்டனர். குறிநூல் வைத்திருந்தோரே பொருளை அறிந்தனர்.

வெளியிட்ட அன்றே ஆராய்ச்சியாளர் ஒருவர், அரசாங்க முகவரி இல்லாமலே அதனுட் புகுந்து காட்டினார். சிலர் நகைத்தனர். அவர் அறிவித்த சில மணி நேரத்துள் குறை திருத்தப்பட்டது. ஐம்பதாண்டு மூடிக்கிடந்த பொறிக் கதையோடு இதனை ஒப்பிடுக. சேர்மனியின் படையும் 2020இல் இதே நியமத்தை மேற்கொண்டது. 2025 செப்ரெம்பர் முதல் அமைச்சர்களும் சாப்பையே பயன்படுத்துமாறு பிரெஞ்சுப் பிரதமர் பணித்தார்.

திறந்த நியமம் எல்லாவற்றையுங் காக்கும் என்றல் மிகைக் கூற்று. 2025 மார்ச்சில் அமெரிக்க உயரதிகாரிகள் யெமன் தாக்குதல் பற்றிச் 'சிக்னல்' செயலியிலே உரையாடியபோது, சஞ்சிகை ஆசிரியர் ஒருவரையும் தவறாகக் குழுவிற் சேர்த்துக்கொண்டனர். சிக்னலின் மறைமொழி முறை பகிரங்கமானது. அதனை எவரும் உடைத்தாரில்லை. ஆயின் அச்செயலி அரசாங்க அலுவலரின் பெயர்ப்பட்டியலோடு இணைந்ததன்று. குழுவிலுள்ள அந்நியரை இவர் அலுவலர் அல்லர் என்று சுட்டிக்காட்ட அதனிடத்து வழியிருக்கவில்லை.