மரவள்ளி: ரகம் மட்டும் போதுமா? நோயற்ற கரணையும் வேண்டும்!

திருவனந்தபுரம்: சேலம், நாமக்கல் மாவட்ட ஜவ்வரிசி ஆலைகளை வாழவைக்கும் மரவள்ளிக்கு வேர் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் 1963-இல் அமைந்த மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், 1971-இல் வெளியிட்ட எச்-165, எச்-226 ரகங்களே தமிழக வயல்களில் நெடுங்காலம் கோலோச்சின.

ஆனால், இவ்விரண்டையும் தேமல் நோய் எளிதில் தாக்குகிறது. மரவள்ளிக்கு விதை என்பது தண்டுக் கரணைதான். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், கரணை வழியாகவும் அடுத்த பருவத்துக்குத் தொடர்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் கரணை வாங்கும் விவசாயி, பல நேரங்களில் நோயையும் சேர்த்தே வாங்குகிறார்.

நோயை எதிர்க்கும் ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்களை அந்நிறுவனமே பின்னர் உருவாக்கியது. சிக்கல், அவற்றைப் பெருக்குவதில்தான். வழக்கமான முறையில் ஒரு செடியிலிருந்து சுமார் 10 கரணைகளே கிடைக்கும். இரு கணுக்கள் கொண்ட சிறு கரணைகளை நிழல்வலைக் குடிலில் முளைக்கவைத்து நடும் முறையில், இது 60 வரை உயரும் என்கிறது நிறுவனம்.

அதற்குக் குடிலும் முதலீடும் வேண்டும். மரவள்ளியோ மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் இல்லை. கிழங்கு விலை சரியும் ஆண்டில், அச்செலவைச் சிறு விவசாயி எப்படி ஏற்பார்? நோயற்ற கரணையை அரசே பெருக்கித் தந்தால்தான், ஆய்வகத்தில் பிறந்த ரகம் வயலைச் சென்றடையும்.