கிரியோயோ குதிரையும் ஓர் இளைஞனின் வைராக்கியமும்

அர்ஜென்டினா தேசத்தின் பம்பாஸ் புல்வெளியில் வளரும் கிரியோயோ என்னும் குதிரை, கண்ட மாத்திரத்தில் மனத்தைக் கவரும் பிராணி அன்று. சுமார் 1.45 மீட்டர் உயரமும், தடித்த கழுத்தும், அகன்ற மார்பும், குட்டைக் கால்களும் உடைய அதைப் பந்தயப் புரவியின் பக்கத்தில் நிறுத்தினால், பொதி சுமக்க வந்த மட்டம் என்றே எண்ணத் தோன்றும். அதன் அருமை அறிய அதன் பூர்வ கதையை அறிய வேண்டும்.

1536-ல் பெத்ரோ தே மெந்தோசா என்ற ஸ்பானியத் தலைவர் பியூனஸ் அயர்ஸில் ஒரு குடியேற்றத்தை அமைத்தார். பசியாலும் போராலும் நிலைகுலைந்த அந்தக் குடியேற்றம் 1541-ல் கைவிடப்பட்டபோது, கேட்பாரற்று விடப்பட்ட குதிரைகள் புல்வெளியில் திரிந்து பல்கிப் பெருகின. வறட்சிக்கும் பனிக்காற்றுக்கும் பூமாவின் பாய்ச்சலுக்கும் ஈடுகொடுத்தவை மட்டுமே சந்ததியை விட்டுச் சென்றன. அவ்விதம் தலைமுறை தலைமுறையாகப் பிரகிருதியே பொறுக்கி எடுத்த வம்சம் இது. பிற்காலத்துப் பண்ணைக்காரர்களோ ஐரோப்பாவிலிருந்து தருவித்த உயர்ந்த ஜாதிக் குதிரைகளின் மோகத்தில் கண்டபடி கலப்புச் செய்ய, பழைய இரத்தம் க்ஷீணித்துவிட்டது. எமிலியோ சொலானெத் என்ற கால்நடை வைத்தியர் பாதகோனியாவின் தெஹுவெல்செ மக்களிடமிருந்து கலப்பற்ற குதிரைகளை வாங்கி வந்து இனத்தைக் காக்க முற்பட்டது இந்நிலையில்தான்.

அவரிடம் வந்து சேர்ந்தவன், சுவிட்சர்லாந்தில் பிறந்து பியூனஸ் அயர்ஸுக்கு அருகே ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியனாக இருந்த எய்மே சிஃபெலி. முப்பது வயதை எட்டாத அந்த இளைஞன், கிரியோயோவின் மேல் கொண்ட அபிமானத்தால், அமெரிக்க ஐக்கிய நாடுகள் வரை குதிரையிலேயே செல்வதென்று சங்கல்பம் செய்துகொண்டிருந்தான். சொலானெத் கொடுத்தவை இளங்குதிரைகள் அல்ல: வெள்ளைத் திட்டுகள் படர்ந்த மாஞ்சாவுக்கு வயது 16, காபி நிறத்துக் காத்தோவுக்கு 15. 1925 ஏப்ரலில் புறப்பட்ட அவனைப் பலரும் பித்தன் என்றார்கள்.

பெரு நாட்டு மலைகளில், ஆழ்ந்த பள்ளத்தாக்கின் மேல் அந்தரத்தில் ஆடும் தொங்குபாலத்தைக் கடக்க நேர்ந்தபோது, அவன் சேணத்தையும் பொதியையும் இறக்கிவிட்டு, மாஞ்சாவை முன்னே விட்டு, அதன் வாலைப் பற்றிக்கொண்டு இதமாகப் பேசியவாறே பின்தொடர்ந்தான். நடுவில் பாலம் ஊசலாடத் தொடங்கியதும் குதிரை தானே நின்று, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகே அடியெடுத்து வைத்தது. மற்றோரிடத்தில் காத்தோ, கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்த ஈரநிலத்தில் கால்வைக்க மறுத்தது. எவ்வளவு வற்புறுத்தியும் அசையவில்லை. அது ஆளை விழுங்கும் புதைசேறு என்பதை அவ்வூரான் ஒருவன் சொல்லியே சிஃபெலி தெரிந்துகொண்டான். அவனுடைய துணிச்சலைவிட, குதிரையின் விவேகத்துக்குத் தன் விவேகம் குறைந்தது என்று ஒப்புக்கொண்ட அவனது பணிவையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பெருவின் கடற்கரைப் பாலைவனத்தில், இரண்டு ஆறுகளுக்கு இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் ஒரு சொட்டு நீர் கிடையாது. தண்ணீரைச் சுமக்கும் பாரமே தாகத்தைக் காட்டிலும் குதிரைகளை வாட்டும் என்று கணக்கிட்ட அவன், அவற்றுக்கென்று நீர் எடுத்துச் செல்லாமல், வெயில் தாழ்ந்ததும் கிளம்பி இரவெல்லாம் பயணம் செய்தான். மறுநாள், ஆறு கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே நீரின் வாசனையை மோப்பம் பிடித்த இரண்டும், களைப்பை மறந்து வேகம் கொண்டன.

மெக்சிகோவில் காயமுற்றுத் தேறிய காத்தோவைப் பின்னர் செயின்ட் லூயிஸில் விட்டுவிட்டு, மாஞ்சாவுடன் தனித்தே பயணத்தை முடித்து, 1928 செப்டம்பர் 20 அன்று அவன் நியூயார்க்கை அடைந்தான். கடந்த தூரம் சுமார் 16,000 கிலோமீட்டர். கப்பலில் தாயகம் மீண்ட குதிரைகளில் காத்தோ 1944-லும் மாஞ்சா 1947-லும் பண்ணையிலேயே ஆயுள் முடிந்தன. செப்டம்பர் 20 இன்று அர்ஜென்டினாவில் குதிரைத் திருநாள்.

இனத்தின் உறுதியைச் சோதிக்கும் முறையும் அங்கே வழக்கில் உள்ளது. 100 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைச் சுமந்து, 14 நாட்களில் 750 கிலோமீட்டர் செல்ல வேண்டும். தானியமோ வைக்கோலோ கொடுக்கலாகாது. தரையில் மேய்ந்த புல்லும் பருகிய நீருமே ஆகாரம். இதில் தேறும் குதிரைகளையே வளர்ப்பவர்கள் வம்சவிருத்திக்கு விரும்பித் தேடுகிறார்கள்.