அரைக் கிலோபைட்டாய்க் கடக்கும் கோப்பு

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் கணினி, பிரின்டர், கமெரா எல்லாவற்றின் வயர்களும் வந்து சேரும் பெட்டிதான் நெட்வேர்க் சுவிட்ச். எந்த வயர் எந்தப் பிரிவுக்கு, யார் யாரோடு தொடர்புகொள்ளலாம் என்ற விதிகள் அதற்குள் ஒரு சிறிய கோப்பாக இருக்கின்றன. உப்புக் காற்றிலோ ஐப்பசி இடியிலோ பெட்டி பழுதானால் புதிது வாங்கலாம். அந்தக் கோப்பைக் கடையில் வாங்க முடியாது. ஆகவே அதன் பிரதியைச் சேர்வரில் சேமித்து வைக்கிறார்கள்.

சுவிட்சுக்கும் சேர்வருக்கும் இடையில் கோப்பை ஏற்றி இறக்க நெடுங்காலமாகப் பயன்படும் முறை ரிஎஃப்ரிபி. அமெரிக்காவின் எம்ஐரி நிறுவனத்தைச் சேர்ந்த கேரன் சொலின்ஸ் 1981இல் அதன் விதிகளை எழுதி வெளியிட்டார். கோப்பை 512 பைட் துண்டுகளாக வெட்டி, இலக்கமிட்டு, ஒன்றை அனுப்ப வேண்டும். "கிடைத்தது" என்ற பதில் வந்த பிறகே அடுத்தது புறப்படும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவில் ஓடிய பாதையும் இப்படித்தான்: அக்கரை போய்த் திரும்பினால்தான் அடுத்த சுமை ஏறும்.

512க்குக் குறைந்த துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். கோப்பின் அளவு 512ஆல் மீதியின்றி வகுபட்டால், முடிவை அறிவிக்கவே வெறுந்துண்டு ஒன்று போகும்.

இந்த முறையில் வேகத்தைத் தீர்மானிப்பது தூரம். சேர்வர் கொழும்பில் இருந்தால், திருகோணமலையிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும், போய்வர 2.6 மில்லிசெக்கன். ஒரு தடவைக்கு 512 பைட் என்றால், இணைப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 200 கிலோபைட்டைத் தாண்டாது. சுவிட்சை இயக்கும் 20 மெகாபைட் மென்பொருளுக்கு 39,000 தடவைக்கு மேல் போய்வர வேண்டும். வழியிலுள்ள கருவிகளின் தாமதம் சேர்ந்தால் பல நிமிடமாகும். 1995இல் வந்த திருத்தம் துண்டைப் பெரிதாக்க இடம் கொடுத்தது. 1,468 பைட்டாக்கினால் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிறது.

தொடக்ககால விதியில் ஒரு விசித்திரமான குறை இருந்தது. பதில் தொலையாமல் சற்றுப் பிந்தினாலே, அனுப்பியவர் துண்டை மறுபடி அனுப்புவார்; அதற்கும் ஒரு பதில் வரும். இரண்டு பதிலுக்கும் அடுத்த துண்டு இரண்டு தடவை போகும். அதன்பின் கோப்பு முடியும்வரை எல்லாமே இரட்டைதான். பழைய பதில் மீண்டும் வந்தால் எதையும் அனுப்பாதே என்ற ஒரே விதி 1989இல் அதைத் தீர்த்தது.

ரிஎஃப்ரிபி கடவுச்சொல் கேட்காது, எதையும் மறைகுறியாக்காது. வலையமைப்புக்குள் நுழைந்த எவரும் கோப்பை வாசிக்கலாம். அதனால் வெளி இணைப்புகளில் எஸ்சிபி போன்ற பாதுகாப்பான முறையே தகும். எம்முறையில் அனுப்பினாலும், போய்ச் சேர்ந்த பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் வேலை முடிந்தது.

பாதுகாப்பு இல்லாதிருந்தும் ரிஎஃப்ரிபி இன்னும் வாழ்வதற்குக் காரணம் அதன் சிறிய அளவு. இயங்குமென்பொருளே அழிந்துபோன பல சுவிட்சுகளில், தொடக்கி வைக்கும் சின்ன நிரலுக்குள் ரிஎஃப்ரிபி அடங்கிவிடுகிறது. பெரிய ஏற்பாடுகள் எதுவும் ஓடாத அந்த நிலையிலும், அரைக் கிலோபைட் அரைக் கிலோபைட்டாக, அந்தப் பெட்டி தன் மென்பொருள் முழுவதையும் சேர்வரிலிருந்து மீட்டுக்கொள்கிறது.